நிறவெறி என்று சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்கா பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் 'அபார்த்தைட்' என்ற அந்நாட்டு இனப்பிரிவினை ஆட்சிமுறைக்கு முதல் பத்தியிலிருந்து கடைசி வரை 'நிறவெறி', 'நிறவெறி' என்றே வருகிறதே, அந்தச் சொல்லில்தான் எனக்குச் சிக்கல். வெறி என்றால் தலைக்கேறும், அப்புறம் இறங்கிவிடும். அங்கே நடந்தது 1948-இல் வெள்ளையரின் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு நிதானமாக உட்கார்ந்து, ஒவ்வொரு சட்டமாக எழுதி, குமாஸ்தாக்களை வைத்து முத்திரை குத்தி நடத்திய காரியம். 'இனவொதுக்கல்' என்று சிலர் எழுதுவது எவ்வளவோ மேல்.

1950-இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் என்ன இனம் என்று அரசாங்கம் பதிவு செய்யும், சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்களாம், நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் இல்லை. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்துத்தான். ஒரே வீட்டில் பிறந்தவர்களே வேறு வேறு இனமாகப் பதிவானதும் உண்டு.

அடுத்தது பாஸ். 16 வயது தாண்டிய கறுப்பர்கள் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டிய புத்தகம், அது சரியாக இல்லாவிட்டால் நகரத்துக்குள் 72 மணி நேரத்துக்கு மேல் தங்க முடியாது. இதைக் கட்டாயமாக்கிய 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'பாஸ் ஒழிப்பு' என்று இருந்தது! எழுதியவருக்கு நல்ல தைரியம்தான்.

இதையெல்லாம் சொல்லாமல் ஷார்ப்வில் என்ற ஊரில் 69 பேர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், படிப்பவருக்கு ஏதோ கலவரம் என்றுதானே தோன்றும்? 1960 மார்ச் 21 அன்று அந்த ஜனங்கள் செய்தது ஒன்றே ஒன்று: பாஸை வீட்டில் வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போய், பாஸ் இல்லை, எங்களைக் கைது செய்யுங்கள் என்றார்கள். குண்டுபட்டவர்களில் நிறையப் பேருக்குக் காயம் முதுகில். ஐந்து நாள் கழித்து ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தலைவர் லுதூலி தன் பாஸைத் தீயில் போட்டார். அதற்கு நாலு வருடம் முன்பே, 1956 ஆகஸ்ட் 9 அன்று, பெண்களுக்கும் பாஸ் கூடாது என்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசு தலைமையகத்துக்கே போய் அரை மணி நேரம் பேச்சு மூச்சில்லாமல் நின்றார்கள். கட்டுரையில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸ் கட்சித் தலைவர் சொபுக்வேயின் பெயரும் இல்லை. ஷார்ப்வில் நாளன்று பாஸ் எதிர்ப்புக்கு அழைப்பு விடுத்தவரே அவர்தான். தானும் போய்க் கைதாகி, மூன்று வருடத் தண்டனை முடிந்து வெளியே வர வேண்டிய நேரத்தில், 1963-இல், அவருக்காகவே சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, வருடா வருடம் அதைப் புதுப்பித்து ராபன் தீவுச் சிறையில் இன்னும் ஆறு வருடம் வைத்திருந்தார்கள். ஒரே ஓர் ஆளுக்காக ஒரு சட்டப் பிரிவு! இதை எப்படி வெறி என்பது?

டர்பன் பக்கம் தமிழ் வம்சாவளியினர் நிறைய என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1984-இல் மூன்று அவை கொண்ட நாடாளுமன்றம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45, பெரும்பான்மைக் கறுப்பருக்குப் பூஜ்யம். இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. கறுப்பரை வெளியே நிறுத்திவிட்டு நமக்கு மட்டும் நாற்காலியா என்று ஒதுங்கிவிட்டார்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். மண்டேலா ஆட்சிக்கு வந்து 1994-இல்தான் பாஸ் சட்டம் ஒழிந்தது என்று கட்டுரையில் இருக்கிறது. 1986-லேயே எடுத்துவிட்டார்கள், அப்போது மண்டேலா சிறையில்தான் இருந்தார். அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்