தராசு விஷயமாக உனக்கு ஒரு கடிதம்

கடலூர்,
29.6.2025, ஞாயிறு இரவு

கிறிஸ்துவுக்குள் அன்பான மாப்ளே,

நலம், நலமறிய ஆவல். வில்லியனூர் மாதா கோயில் தேருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராததற்கும், அப்புறம் நீ போட்ட போனையெல்லாம் எடுக்காததற்கும் முதலில் என்னை மன்னித்துவிடு. உனக்கும் எனக்கும் நடுவில் 22 கிலோமீட்டர்தான். சுண்டல் சார் வீட்டுக் கல்யாணத்தில் நீ மறுபடியும் மைக்கைப் பிடித்துவிட்டாய் என்று ஒட்டடை சொன்னான். அந்தப் பொண்ணு மாப்பிள்ளை என்ன பாவம் செய்தார்கள்?

போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன். கத்தோலிக்கரான உங்களுக்குப் பாவத்தை அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது, போய் முழங்காலில் நின்று சொல்லிவிட்டு வரலாம். எனக்கு நீதான் இருக்கிறாய்.

போன வருஷம் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ம் தேதி உங்கள் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்ததே, எங்களுக்கு அடி அதற்கு அப்புறம்தான் விழுந்தது. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, கடைக்குள் முழங்கால் அளவு நின்றது. அரிசி, பருப்பு போனது உனக்குத் தெரியும். எலக்ட்ரானிக் தராசும் நனைந்தது. மெக்கானிக் காயவைத்து, ஏதோ மாற்றி, ஓடுகிறது அண்ணே என்று கொடுத்துவிட்டுப் போனான். ரிப்பேர் பார்த்த தராசுக்கு மறுபடி அரசு முத்திரை வாங்க வேண்டும். எனக்கு அது தெரியும். பழைய முத்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மே 19-ம் தேதி ஏதோ தோன்றி, பழைய ஒரு கிலோ எடைக்கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். 1.025 என்று காட்டியது. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், அதே 1.025. அதாவது நான் கிலோ என்று போட்டுக்கொடுப்பது 975 கிராம். துவரம் பருப்பு கிலோ 140 என்றால் மூன்றரை ரூபாய், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சில்லறையில் ஒரு நாளைக்கு 40 கிலோ போனால் முழுசாக ஒரு கிலோ மற்றவர்களுடையது என் மூட்டையிலேயே தங்கிவிடுகிறது. கணக்கெல்லாம் அன்றைக்கே மனசுக்குள் போட்டேன் மாப்ளே. போட்டுவிட்டு, மெக்கானிக்கை அடுத்த வாரம் கூப்பிடலாம் என்று கல்லை எடுத்துக் கீழே வைத்தேன். அந்த அடுத்த வாரம் மூன்று வாரம் ஆனது.

தாழங்குடாவிலிருந்து மீன் கூடையோடு வரும் அக்காவை நீ பார்த்திருப்பாய், வெற்றிலை போட்டுக்கொண்டு சத்தமாகச் சிரிப்பார். ஜூன் 9, திங்கட்கிழமை, நல்ல கூட்டம். ஒரு கிலோ பருப்பு வாங்கியவர் அதை உள்ளங்கையில் வைத்து மெல்ல ஏற்றி இறக்கிப் பார்த்தார். விரல் இடுக்கில் மீன் செதில் ஒட்டியிருந்தது. “தம்பி, இது கிலோ இல்லப்பா” என்றார். முப்பது வருஷமாகக் கையால் எடை பார்த்து மீன் விற்கிறவர், அவருக்குத் தெரியாதா? நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். “ஜெபம் பண்ணித்தான் கடையத் திறக்கிறோம், எங்களையா பொய் சொல்றீங்க, பொய் உங்க வாயில இருக்கு” என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவர் ஒன்றும் பேசாமல் காசை வைத்துவிட்டுப் போனார். மீன்பிடித் தடைக்காலம் வேறு, 61 நாளில் இன்னும் அஞ்சு நாள் பாக்கி, விசைப்படகு எதுவும் போகவில்லை, அவர் கூடையில் என்ன இருந்திருக்கும்! என் மகன் பெரியவன் கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். எடைக்கல்லை நான் வைத்துப் பார்த்த அன்றும் அவன்தான் பக்கத்தில் நின்றான்.

புதன்கிழமை ராத்திரி குடும்ப ஜெபம். தேதிக்கு ஓர் அதிகாரமாக பைபிளில் நீதிமொழிகள் வாசிப்பது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம், உனக்குத் தெரியும். அன்றைக்கு 11-ம் தேதி, வாசிக்கிற முறை அவனுடையது. “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.” முதல் வசனமே அதுதான். அவன் நிமிரவும் இல்லை, நிறுத்தவும் இல்லை, அடுத்த வசனத்துக்குப் போய்விட்டான். எத்தனையோ மாதம் அந்த 11-ம் தேதியைக் கடந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது. முடிவு ஜெபத்தை அவன் அம்மா செய்தாள்.

அதிலிருந்து ஒரே யோசனை. கோபம் மட்டும்தான் என்னிடம் குறை, மற்றபடி நான் நாணயமான ஆள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் 40 நாளும் உபவாசம் இருந்து கோபத்துக்காகத்தான் ஜெபம் பண்ணுவேன். ஆனால் பைபிளில் கலாத்தியர் நிருபத்தில் பவுல் ‘ஆவியின் கனி’ என்று ஒருமையில்தான் சொல்கிறார். அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று இச்சையடக்கம்வரை ஒன்பதும் ஒரே கனி. பண்ருட்டிப் பலாப்பழம் மாதிரி, பழம் ஒன்று, சுளைதான் ஒன்பது. ஒரு சுளை அழுகினால் பழத்தைத் தூக்கும்போதே வாடை வரும். அன்றைக்கு நான் கத்தியது பொறுமை இல்லாததால் இல்லை, அவர் சொன்னது நிஜம் என்பதால். பொறுமையைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, தராசை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது மாப்ளே.

வியாழக்கிழமை கடையைத் திறக்கவில்லை. தராசைச் சரிபண்ணி, முத்திரைக்கும் கொண்டுபோனேன். அப்புறம் நேராகத் தாழங்குடா. அக்கா வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கொண்டுபோன பருப்பை அவர் தொடவில்லை. “பருப்பு கொறஞ்சது பெருசில்ல தம்பி. நாலு பேர் எதிர்ல என்னைப் பொய்க்காரின்னியே, அதை இங்க வந்து சொன்னா எப்படி?” என்றார். அவர் கேட்டது நியாயம்.

சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் நிற்கும்போது சொன்னேன். என்னைக்கு எனக்குத் தெரிந்தது, எத்தனை நாள் மறைத்தேன், யாரைப் பொய்க்காரி என்றேன், எல்லாம். கால் நடுங்கியது. இரண்டு பேர் சாமான் வாங்காமலே போய்விட்டார்கள். பைபிளில் சகேயு ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றானே, நானும் கணக்குப் போட்டேன். தெரிந்து ஏமாற்றியது, ஞாயிறு போக 21 நாள், அதனால் 84 நாள் கிலோவுக்கு 25 கிராம் கூடப் போடுகிறேன், செப்டம்பர்வரை போகும். கடன் நோட்டில் இருப்பவர்களுக்குப் பாக்கியில் கழித்துவிட்டேன். அதற்கு முன்னால் எத்தனை நாள் அந்தத் தராசு தப்பாக ஓடியதோ கர்த்தருக்குத்தான் தெரியும். வழியில் போகிறவர்கள் வாங்கிப்போனதை எப்படித் திருப்புவது? உங்கள் சாமியார் இதற்கு என்ன அபராதம் கொடுப்பார்? விளையாட்டுக்குக் கேட்கவில்லை, கேட்டு எழுது.

அக்கா நேற்றுதான் வந்தார். அந்த எடைக்கல்லை இப்போது தராசுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். தானே அதை எடுத்து வைத்துப் பார்த்தார், 1.000 வந்தது. “அரைக்கிலோ உளுந்து” என்றார், அவ்வளவுதான். சிரிக்கவில்லை.

எனக்கு இப்போது கவலை பெரியவனைப் பற்றித்தான். அவன் இதுவரை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நான் சொல்லவும் வாய் வரவில்லை, ஊருக்கே சொன்னவனுக்குப் பிள்ளையிடம் வரவில்லை. சின்ன வயசிலிருந்து உன்னிடம்தான் ஒட்டிக்கொள்வான். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏற்றி அனுப்புகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போ, பீச்சில் கொஞ்ச நேரம் நடங்கள். நீயாக எதையும் ஆரம்பிக்காதே. அவன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னால், எனக்காகப் பரிந்து பேசாமல் கேட்டுக்கொள். தங்கச்சியிடம் வஞ்சிரம் வறுக்கச் சொல், அவனுக்கு அது பிடிக்கும்.

உன் மாப்ளே