டிரான்ஸ்பார்மர் அடியில் காய்ந்த புல்

ஐயா,

வியாசர்பாடியில், கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். போன பங்குனியில் பலத்த காற்று. டிரான்ஸ்பார்மர் பக்கம் தொய்ந்த கம்பிகள் இரண்டு உரசி, பொறி பொலபொலவென்று கொட்டியது. கீழே காய்ந்த புல், பிளாஸ்டிக் குப்பை. உடனே பற்றிக்கொண்டது. துணிக்குத் தெளிக்கிற தண்ணீரோடு ஓடினேன். "கரண்ட் இருக்கு, கிட்டப் போகாதே" என்று பக்கத்துக் கடை அக்கா கையைப் பிடித்து இழுத்தார். அப்புறம் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைத் தள்ளி நின்று வாரியிறைத்துத்தான் அணைத்தோம்.

2018-ல் கலிபோர்னியாவில் மின்கோபுரத்தின் தேய்ந்த கொக்கி ஒன்று உடைந்து கிளம்பிய காட்டுத்தீயில் 85 பேர் இறந்தார்கள். இங்கே காடு இல்லை, சரி. ஒட்டி ஒட்டிக் குடிசைகள் இருக்கின்றனவே! மின்வாரியத்தாரே, கோடைக்கு முன்பே கம்பிகளை இழுத்துக் கட்டுங்கள், புல்லை வெட்டுங்கள். குப்பையை அங்கே கொட்டாதீர்கள் என்று எங்கள் தெருக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

- இஸ்திரித் தொழிலாளி, வியாசர்பாடி