கல்யாணத்துக்கு இப்போது ஊருக்கு வர வேண்டாம்

தண்டையார்பேட்டை,
சென்னை.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ மணக்க விரும்பும் பிள்ளையைப் பற்றி அம்மாவும் நானும் பேசி முடித்துவிட்டோம். எங்களுக்குப் பூரண சம்மதம். அவர் அமெரிக்கக் குடிமகன் என்பதால், எல்லோரும் கிரீன் கார்டு என்று சொல்லும் நிரந்தர வசிப்புரிமையும் இந்தத் திருமணத்தோடு சேர்ந்து வருகிறது. அதைப் பற்றிப் படித்தும், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும் நான் அறிந்துகொண்டதை உனக்கு எழுதினால்தான் என் மனம் ஆறும்.

முதலாவதாக, கல்யாணத்துக்கு நீ இப்போது சென்னைக்கு வர வேண்டாம். திருவொற்றியூர் வடிவுடையம்மன் சன்னிதியில் உனக்குத் தாலி கட்ட வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டிருப்பதும், எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கப் பெரியம்மாவோடு நாள் குறித்துவிட்டதும் தெரிந்துதான் இதை எழுதுகிறேன். நீ மாணவர் விசாவில் போய், படிப்பை முடித்து, படித்தவர்களுக்குச் சிறிது காலம் தரும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாய். படித்துவிட்டு ஊர் திரும்புவேன் என்ற உறுதியின் பேரில் தரப்படுவது அந்த விசா. இங்கே வந்து அந்நாட்டுக் குடிமகனை மணந்துகொண்டு, அங்கேயே குடியிருக்கும் எண்ணத்தோடு அதே விசாவைக் காட்டிக்கொண்டு நீ விமான நிலையத்தில் போய் நின்றால், அதிகாரி உன்னைத் திருப்பி அனுப்பிவிடலாம். அதன்பின் மனைவிக்குரிய குடியேற்ற விசாவுக்கு இங்கிருந்தே மனுச்செய்து, மும்பையில் நேர்காணலுக்கு அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கும் நம் ஊர்த் துணைத் தூதரகத்தில் அந்த வகை விசாவுக்கு நேர்காணல் நடப்பதில்லை. அவ்வளவு காலம் உன் வேலை உனக்காக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அங்கேயே திருமணத்தைப் பதிவு செய்துகொண்டால், மனைவிக்காக அவர் போடும் ஐ-130 மனுவையும், கார்டு கேட்டு நீ போடும் ஐ-485 விண்ணப்பத்தையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். குடிமகனின் மனைவிக்கு ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு கிடையாது. உன்னோடு படித்தவர்கள் கம்பெனி மூலமாகக் கார்டு கேட்டு, எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியால் ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்களே, அந்த வரிசையில் நீ நிற்க வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பம் கொடுத்த பிறகு, அட்வான்ஸ் பரோல் என்னும் முன் அனுமதி கைக்கு வராமல் நீ அந்த நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று இங்கிருந்து யார் போன் செய்தாலும், நானே செய்தாலும், வக்கீலைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதே. ஓ.பி.டி. முடிந்து, புதிய வேலை அனுமதி அட்டை வரத் தாமதமானால், வரும்வரை வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இரு. அந்த மாதங்களுக்கு வேண்டிய பணத்தை நான் அனுப்புகிறேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கார்டு வந்ததும் இருவரும் வாருங்கள், வேண்டுதலை அப்போது நிறைவேற்றுவோம்.

என் மனத்தை அதிகம் அலைக்கழித்தது அதற்கடுத்த கட்டந்தான். கார்டு வழங்கப்படும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைந்திருக்காவிட்டால், முதலில் கிடைப்பது இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் கார்டு மட்டுமே. போலித் திருமணங்களைத் தடுக்க 1986-ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டத்தால் ஏற்பட்டது இந்த ஏற்பாடு. அந்தக் கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைக் கொடுக்க வேண்டும். தவறினால் வசிப்புரிமை போய்விடும். வாழ்நாளெல்லாம் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்த்தவன் நான். சரக்குக்குப் பணம் கட்டியவர் யாராக இருந்தாலும், பி.எல். என்னும் கப்பல் சரக்குச் சீட்டின் ஒரிஜினல் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் டெலிவரி ஆர்டர் கொடுப்பார்கள். அப்படி உன் வாழ்க்கை இன்னொருவர் கையில் இருக்கும் காகிதமாகிவிடுமோ என்று பயந்தேன்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கல்மண்டபத்துப் பெண் ஒருத்தி, உனக்கும் தெரிந்தவள்தான், அங்கே குடியுரிமை பெற்ற நம்மவர் ஒருவரையே மணந்துகொண்டு போனாள். பாஸ்போர்ட் முதல் எல்லாவற்றையும் அவர் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, வாக்குவாதம் வந்தபோதெல்லாம், தான் கையெழுத்துப் போடாவிட்டால் அவள் ஊருக்குத்தான் போயாக வேண்டும் என்று மிரட்டியிருக்கிறார். அதை நம்பி அவள் தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அது உண்மையல்ல என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. திருமணம் நல்லெண்ணத்தோடு நடந்ததுதான் என்று காட்ட முடிந்தால், மணமுறிவு ஆகிவிட்டாலும், அல்லது கணவனால் கொடுமைக்கு ஆளானாலும், மனைவி தனியாகவே ஐ-751 கொடுக்கலாம். அதற்கு அந்த 90 நாள் கணக்கும் கிடையாது. கார்டே வராத நிலையிலும், கொடுமைக்கு ஆளான மனைவி கணவனுக்குத் தெரியாமல் தானே மனுச்செய்ய 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இவற்றை நீ மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

நம் மாப்பிள்ளையை அந்த மனிதரோடு சேர்த்து நான் எண்ணவில்லை. வீடியோவில் பேசும்போது, நீ சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடாமல் இருப்பதையும், எனக்குப் புரியவில்லை என்று தெரிந்தால் உன்னிடம் கேட்டு மறுபடி மெதுவாகச் சொல்வதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உனக்காக அவர் போடப்போகும் ஐ-864 ஜாமீன் பத்திரமும் சிறிய காரியமன்று. அரசு வகுத்த வறுமைக் கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையாமல் உன்னைப் பராமரிப்பதாக அவர் அதில் எழுதிக் கொடுக்கிறார். நீ குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு உழைப்பு உன் கணக்கில் சேரும்வரை அது அவரைக் கட்டுப்படுத்தும். மணமுறிவு ஏற்பட்டாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. உன்னைப் பெற்றவன் என்ற முறையில் அதற்காக அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துச் சொல்.

வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வருமான வரி, காப்பீடு எல்லாவற்றிலும் முதல் மாதத்திலிருந்தே உன் பெயரும் இருக்கட்டும். நேர்காணலில் இவற்றைத்தான் கேட்பார்கள், பின்னால் ஐ-751 கொடுக்கும்போதும் இவையே சாட்சி. உன் சம்பளம் போடத் தனிக் கணக்கு ஒன்றையும் மூடாமல் வைத்துக்கொள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் உன்னிடமும், ஒரு நகல் என்னிடமும் இருக்க வேண்டும்.

உன் சித்தப்பா மகன் என்னிடம் வந்து, பணம் கொடுத்தால் கட்டிக்கொள்ள அங்கே ஆள் கிடைக்கும், இரண்டு வருடம் கழித்து விலகிவிடலாம் என்று பேசினான். வீட்டில் இனி இப்படிப் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். பிடிபட்டால் ஐந்து ஆண்டுவரை சிறையும் 2,50,000 டாலர்வரை அபராதமும் உண்டு. போலித் திருமணம் என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், பிற்காலத்தில் உண்மையாகவே மணந்த கணவர் மனுப்போட்டாலும் ஏற்க மாட்டார்கள். ஓ.பி.டி. முடியப்போகிறது என்பதற்காக நீ கல்யாண நாளை முன்னுக்குத் தள்ளியிருந்தால் அதில் தவறேதும் இல்லை. கார்டு என்ற பேச்சே இல்லாவிட்டாலும் இவரைத்தான் மணந்திருப்பேன் என்று அன்றைக்கு நீ அம்மாவிடம் சொன்னாயே, அது எனக்குப் போதும்.

குடியுரிமையைப் பற்றிப் பிறகு பேசலாம். கார்டு வந்து மூன்று ஆண்டு அவரோடு சேர்ந்து வாழ்ந்தால் கேட்கலாம் என்கிறார்கள். அதை ஏற்றால் இந்தியக் குடியுரிமையை விட வேண்டியிருப்பதால், அவசரப்படாதே.

உன் பிறப்புச் சான்றிதழைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் நீ பிறந்தபோது பதிந்து வாங்கிய பழைய தாளில் பெண் குழந்தை என்று மட்டும் இருக்கும், பெயருக்கான கட்டம் வெறுமையாக இருக்கும். இது உன்னைப் பள்ளியில் சேர்க்கும் முன் மாநகராட்சியில் பெயர் சேர்த்து வாங்கியது. உன் பெயரும் என் பெயரும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகின்றன. அம்மாவின் பெயரில் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு ‘எச்’ கூடுதலாக விழுந்திருக்கிறது. அது போதுமா, உறுதிமொழிப் பத்திரம் வேண்டுமா என்று வக்கீலிடம் கேட்டு எழுது. வேண்டுமென்றால் நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி உடனே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா