டி.வி. வாங்கும் முன் ஹாலை அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதிலிருந்து பேப்பரைப் பிரித்தாலே டி.வி. விளம்பரம்தான். 43 இன்ச், 55 இன்ச், 4கே (ஃபுல் எச்.டி. திரையைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்டது), வட்டியில்லாத் தவணை என்று எல்லாம் போடுகிறார்கள், எத்தனை அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நல்ல பார்வை உள்ளவர் கண்ணும் கோணத்தில் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்கும் என்பது வழக்கமான கணக்கு. அதன்படி 43 இன்ச் ஃபுல் எச்.டி. திரையின் புள்ளிகள் ஐந்தரை அடி தாண்டினாலே தனித்தனியாகத் தெரியாது. சோபா பத்தடி தள்ளி இருக்கிற ஹாலில் அந்த அளவில் 4கே வாங்கினாலும் ஃபுல் எச்.டி. வாங்கினாலும் கூர்மையில் ஒன்றுதான். 55 இன்ச்சிலும் ஏழடிக்குள் உட்கார்ந்தால்தான் வித்தியாசம் பிடிபடும். கடையில் பளிச்சென்று தெரிகிறதே என்பார்கள். தெரியும்தான், அங்கே மூன்றடியில் நின்று பார்க்கிறோம், ஓடுவதும் கடையில் காட்டுவதற்கென்றே எடுத்த வீடியோ.

அப்புறம் வீட்டில் மாட்டுவது கேபிள் பெட்டியை. எஸ்.டி. (எச்.டி. அல்லாத சாதாரண) சேனலில் வருவது 576 வரி, 4கே திரையில் இருப்பது 2160. மிச்சத்தை டி.வி.யே ஊகித்து நிரப்புவதால் சீரியலில் வருகிற முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கும், திரை பெரிதாகப் பெரிதாக இன்னும் மோசம். முதலில் எச்.டி. பெட்டிக்கு மாறுங்கள், காசும் குறைவு.

50 இன்ச்சுக்கு மேல் இப்போது பெரும்பாலும் 4கே மட்டும்தான் கிடைக்கிறது, அங்கே குழப்பமில்லை. 43-இல்தான் கடைக்காரர் 4கே-க்காகச் சில ஆயிரம் கூடப் போடச் சொல்வார். அந்த மாடலில் நிறமும் வெளிச்சமும் நிஜமாகவே நன்றாக இருந்தால் போடுங்கள், புள்ளி எண்ணிக்கைக்காக வேண்டாம்.

சரி, எவ்வளவு பெரிது வாங்குவது? சினிமா பார்க்கிறவர்களுக்குச் சொல்லும் அளவு, திரையின் மூலைக்கு மூலை நீளத்தைப் போல 1.6 மடங்கு தூரம். 55 இன்ச் என்றால் ஏழேகால் அடி, பத்தடிக்கு 75 இன்ச் (விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்). நியூஸும் சீரியலும்தான் என்றால் அவ்வளவு பெரிது தேவையே இல்லை.

கரண்ட் செலவுக்கு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, அதன் பக்கத்திலேயே எத்தனை அடியில் உட்கார்ந்து பார்க்க ஏற்றது என்று ஒரு வரி அச்சடிக்கலாம். விளம்பரத்திலும் அதைப் போடச் சொல்லி நீங்கள் கேட்டால் கம்பெனிக்காரர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்