பொருள்: காட்டுப்பூவரசு என்று விற்று வேறு விதை அனுப்பியது குறித்து

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். பில், ஆர்டர் எண், படங்கள் எல்லாம் முன்பே மெயிலில் அனுப்பிவிட்டேன். தயவுசெய்து திரும்பவும் கேட்காதீர்கள்.

நான் வாங்கியது நீலகிரிச் சோலை ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு விதை. பாக்கெட்டில் இருப்பதும் அந்தப் பூவின் படம்தான். உள்ளே இருந்தது கடற்கரைப் பக்கம் வளரும் பூவரசின் விதை. காட்டுப்பூவரசு விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும், ஊதினால் பறந்துவிடும். நீங்கள் அனுப்பியது ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். உறைபனி விழும் உதகையில் அதை எங்கே நடுவது?

கோயம்புத்தூர் அலுவலகத்துக்கு நேரில் வரச் சொன்னது நீங்கள்தான். மழையில் குன்னூர் மலைப்பாதை இறங்கி வந்தேன். கவுண்டரில் இருந்தவர் பாக்கெட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "பூச்செடிதானே சார், எது முளைச்சா என்ன?" என்றார். அப்புறம் சாப்பாட்டு நேரம் என்று எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை. என் வயதுக்காவது ஒரு நாற்காலி காட்டியிருக்கலாம். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

போனில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் மறுநாளே 'புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வருகிறது. என்ன தீர்த்தீர்கள்?

இன்னொன்று, உங்கள் குறிப்புச்சீட்டு அரை அங்குல ஆழத்தில் புதைக்கச் சொல்கிறது. இந்த விதைக்கு வெளிச்சம் பட வேண்டும். புளிப்பான ஈர மண்ணின் மேல் தூவி விடுவதுதான் முறை, மூடக் கூடாது. சரியான விதையே வந்திருந்தாலும் உங்கள் சீட்டைப் பின்பற்றினால் செத்திருக்கும். விதை விற்கும் உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

சீகை என்று நாங்கள் சொல்லும் வெளிநாட்டு வாட்டில் மரங்களை வெட்டி எடுத்த சரிவில் நம் மலைச் செடியே நிற்க வேண்டும் என்று இலைமட்கும் பாசியும் போட்டுத் தட்டுகள் தயார் செய்திருந்தேன். பருவம் போய்விட்டது. விதை போட்டுப் பூப் பார்க்கவே பல வருடமாகும் செடி இது. என் வயதில் இது வாழ்நாள் நஷ்டம்.

பணம், பயணச்செலவு, இழப்பீடாக 50,000 ரூபாய், மூன்றும் 15 நாளில் வர வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்துக்கும் போவேன். அதற்கு அவசியம் வைக்க மாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன். அந்தப் பாக்கெட் விற்பனையை இன்றே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
உதகை வாடிக்கையாளர்