பெரும்பான்மை என்று எழுதினால் ஆண்டையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மாணவர் இணைப்பின் பொது அறிவுப் பகுதியில், "கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக இல்லாத நாடு எது?" என்று கேட்டிருந்தீர்கள். பிரிட்டன், பிலிப்பைன்ஸ், எத்தியோப்பியா, தென் கொரியா ஆகிய நான்கில் தென் கொரியாவே விடை என்று அச்சிட்டிருந்தீர்கள். தென் கொரியா சரிதான். 2015 கணக்கெடுப்பில் அங்கே புராட்டஸ்டண்டுகளும் கத்தோலிக்கரும் சேர்ந்தே 28 சதவீதத்தைத் தொடவில்லை. ஆனால் பிரிட்டனும் சரியான விடைதான். மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளில் ஒருத்தி பிரிட்டனைத்தான் டிக் அடித்திருந்தாள். உங்கள் விடையைப் பார்த்துவிட்டு அதை அழித்துவிட்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

பிரிட்டனின் பெரும்பகுதியான இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மதம் எது என்ற கேள்விக்குத் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 59.3 சதவீதம். 2021இல் அது 46.2 ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அங்கே கட்டாயமில்லை. 6 சதவீதம் பேர் சொல்லவில்லை. சரி, அவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டாலும் பாதியை எட்டவில்லை. ஸ்காட்லாந்தில் 2022இல் 38.8தான். வட அயர்லாந்தில் கிறிஸ்தவர்கள்தான் இன்னும் மிகுதி, ஆனால் அங்கே மொத்த மக்கள்தொகையே இருபது லட்சத்தை எட்டாது. மன்னர் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர், பிரபுக்கள் அவையில் 26 ஆயர்களுக்கு இடம் உண்டு என்பதெல்லாம் உண்மை. அது சட்டம். நீங்கள் கேட்டது மக்களைப் பற்றி.

ஒரு நாட்டில் எந்த மதத்தார் பெரும்பான்மை என்பது யார் எண்ணினார்கள், என்ன கேட்டு எண்ணினார்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்காட்லாந்துப் படிவத்தில் "நீங்கள் எந்த மதத்தை, சபையைச் சேர்ந்தவர்?" என்று இருக்கும். இங்கிலாந்துப் படிவத்தில் "உங்கள் மதம் என்ன?" என்பதோடு சரி. 2011இல் இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் மதமில்லை என்றவர்கள் கால்வாசிப் பேர். அதே காலத்தில், "ஏதாவது மதத்தைச் சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?" என்று கேட்ட பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இல்லை என்றார்கள்.

ஜெர்மனியில் கதை வேறு. என் மகள் மியூனிக்கில் நர்ஸ் வேலைக்குப் போனபோது, குடியேறியவர்கள் நிரப்பும் பதிவுப் படிவத்தில் மதத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. தூத்துக்குடியில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, கத்தோலிக்கர் என்று எழுதிக் கொடுத்தாள். முதல் சம்பளச் சீட்டிலேயே திருச்சபை வரி என்று தனியாக ஒரு பிடித்தம். அந்த மாநிலத்தில் வருமான வரியில் 8 சதவீதம் அப்படிப் போகும். வரி 600 யூரோ என்றால் சபைக்கு 48 யூரோ. வேண்டாம் என்பவர்கள் பதிவு அலுவலகத்துக்குப் போய் முறைப்படி விலக வேண்டும். லட்சக்கணக்கில் விலகியும் விட்டார்கள். என் மகள் விலகவில்லை, அது அவள் விருப்பம். அவளோடு வேலை பார்க்கும் கேரளத்து ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவப் பெண்ணின் சபை இந்த வரியை வாங்குவதில்லை, அதனால் அவளுக்கு இந்தப் பிடித்தமே கிடையாது. இந்தப் பதிவுகளை வைத்தே எடுத்த 2022 ஜெர்மன் கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் சுமார் 25, புராட்டஸ்டண்டுகள் சுமார் 23 சதவீதம்; மிச்சம் எல்லாரும், அதாவது ஆர்த்தடாக்ஸ், முஸ்லிம், நாத்திகர், மதம் குறிக்கப்படாதவர் உட்பட, ஒரே கட்டத்துக்குள். இதை வைத்து ஜெர்மனியில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மை ஆகிவிட்டார்கள் என்று எழுதினால், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் அந்தக் கேரளத்துப் பெண் கிறிஸ்தவர் கணக்கிலேயே வரமாட்டாள்.

எண்ணாமலே விட்ட நாடுகளும் உண்டு. நைஜீரியாவில் 1963க்குப் பிறகு கணக்கெடுப்பில் மதத்தைக் கேட்டதில்லை. பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் அரசுக் கணக்கெடுப்பு இதைக் கேட்பதில்லை. கருத்தாய்வுகளை வைத்துத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இப்படி எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்து, கிறிஸ்தவர் பெரும்பான்மையாக உள்ள நாடுகள் 2010இல் 124 இருந்தது 2020இல் 120 ஆனதாகச் சொல்கிறது. விடுபட்டவை பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, உருகுவே. நம் பாடக்குறிப்புகளிலும் வழிகாட்டிகளிலும் இந்த நான்கும் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. எத்தியோப்பியாவை முஸ்லிம் நாடு என்று நினைக்கிற பிள்ளைகளும் நிறைய. 2007 கணக்கெடுப்பில் அங்கே கிறிஸ்தவர்கள் 62 சதவீதத்துக்கும் மேல். அதை உங்கள் கேள்வியில் சேர்த்தது எனக்கு மகிழ்ச்சிதான்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் இணைப்பை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அடுத்த இதழில் அதே பகுதியில், அதே எழுத்தளவில், பிரிட்டனும் சரியான விடையே என்று திருத்தம் போடுங்கள். இனி இப்படிக் கேள்வி வைத்தால் "2021 கணக்கெடுப்பின்படி" என்பது போல் ஆண்டையும், எண்ணியவர் யார் என்பதையும் கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
தூத்துக்குடி