விலகிப்போன மருமகள் இன்னும் டைட்டிலில் விளக்கேற்றுகிறார்

அனுப்புநர்:
மதியத் தொடர் பார்வையாளர்,
தையல் கடை, கும்பகோணம்.

பெறுநர்:
பார்வையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தொலைக்காட்சி நிறுவனம், சென்னை.

பொருள்: மதியம் இரண்டு மணித் தொடரின் டைட்டில், நடிப்பு, கதை தொடர்பான புகார்.

ஐயா / அம்மா,

வணக்கம். கும்பகோணத்தில் தையல் கடை நடத்துகிறேன். மிஷினை ஓட்டினால் வசனம் காதில் விழாது என்பதால், கொக்கி வைப்பது, ஹெம்மிங் போடுவது போன்ற கைவேலையை எல்லாம் நானும் என்னிடம் தைக்கும் பெண்களும் உங்கள் தொடர் ஓடும் அரை மணிக்கென்று ஒதுக்கி வைத்திருப்போம். அளவு கொடுக்க வருகிறவர்களும் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். ரேட்டிங் மீட்டர் தேர்ந்தெடுத்த சில வீடுகளில்தான் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் எங்கள் கடை டி.வி. எந்தக் கணக்கிலும் வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் டைட்டில். பெரிய மருமகளாக நடித்தவர் விலகியதும் ‘அவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்துப் போட்டு வேறொருவரைக் கொண்டுவந்தீர்கள். சரி, எல்லாத் தொடரிலும் நடப்பதுதான், பழகிக்கொண்டோம். ஆனால் டைட்டிலில் இன்றுவரை பழையவர்தான் குத்துவிளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பிச் சிரிக்கிறார். பாட்டு முடிந்ததும் சமையலறையிலிருந்து புதியவர் வருகிறார். இது போதாதென்று, கருமாதி வரைக்கும் காட்டி முடித்துவிட்ட தாய்மாமனும் இன்னும் பின்வரிசையில் கைகட்டி நிற்கிறார். சமீபத்தில் பார்க்கத் தொடங்கிய ஒரு அக்கா, “அந்த மீசைக்காரர் எப்போ வருவார்?” என்று கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

பாட்டையும் வெட்டிவிட்டீர்கள். ஆரம்பத்தில் பல்லவியும் ஒரு சரணமும் முழுதாக வந்தன. இப்போது பல்லவியின் கடைசி வரி மட்டும் வருகிறது. அதற்குள் பெயர்கள் ஓடுகிற ஓட்டத்தில் இயக்குநர் பெயரையே படிக்க முடியவில்லை. வசனம் எழுதியவர், குரல் கொடுத்தவர், ஆடை வடிவமைத்தவர் எல்லாம் கீழேயிருந்து ஏறி வரும் சோப்புத்தூள் விளம்பரத்துக்குப் பின்னால் மறைந்துபோகிறார்கள். டைட்டில் என்றால் அவ்வளவு இளக்காரமா? 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’ தொடரின் டைட்டில் பாட்டுக்கு ஆடிய நடனக் கலைஞரை இன்றைக்கும் ஊரே ‘மெட்டி ஒலி’ சாந்தி என்றுதான் சொல்கிறது. கதையில் வராதவர், டைட்டிலில் மட்டும் ஆடியவர், தொடரின் பெயரே அவருக்கு அடைமொழியாகிவிட்டது. உங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு வாய்ப்பே இல்லை.

நடிப்பைப் பற்றிச் சொல்கிறேன். புதிய மருமகள் மீது எங்களுக்குக் கோபம் கிடையாது. வேறு மொழிக்காரர் என்பது உதட்டசைவில் தெரிகிறது, அதுவும் குறையில்லை. அவர் வந்த புதிதில் பழையவருக்குப் பேசிய அதே குரலையே வைத்திருந்தீர்கள். முகம் மாறினாலும் மருமகள் மருமகளாகவே தெரிந்தார். கொஞ்ச நாளில் அந்தக் குரலையும் மாற்றிவிட்டீர்கள். இப்போது இருப்பவர் அழுதாலும் அதட்டினாலும் ஒரே சுருதியில் பேசுகிறார். பழைய குரலுக்குச் சொந்தக்காரர் எங்கே போனார்?

மாமனாராக நடிக்கிறவரைப் பற்றியும் எழுதாவிட்டால் பாவம். மூத்த மகன் “வீட்டை விட்டு வெளியே போங்க” என்று சொன்ன காட்சி. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துண்டின் நுனியால் துடைத்து, போட்டுக்கொள்ளாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடையில் ஒருத்தி கையிலும் ஊசி நகரவில்லை. அந்த இடத்தில் விட்டிருக்கலாம். நீங்களோ உடனே ஓர் இடியை இடித்து, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் முகத்தையும் மூன்று மூன்று முறை அருகில் காட்டி, கருப்பு வெள்ளையாக்கி, ‘தொடரும்’ போட்டீர்கள். மறுநாள் முன்கதை என்று மறுபடியும் அதே முகங்கள், அதே இடி.

அப்புறம், தையல்காரி என்பதால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டப் பணமில்லை என்று சின்ன மருமகள் தாலிக்கொடியை அடகு வைக்கப் போகிறாள். போட்டிருப்பது கைமுழுக்க ஆரி வேலை செய்த ஜாக்கெட். அதற்கான கூலியே எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியும். கூடத்திலிருந்து வாசலுக்கு வருவதற்குள் பானைக் கழுத்து சதுரக் கழுத்தாகிவிட்டது. புடவை அதேதான், ஜாக்கெட் மட்டும் வேறு. மதிய நேரத்தில் யார் இதையெல்லாம் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். மதியத்தில் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் ஜாக்கெட்டைத்தான் பார்க்கிறார்கள்.

கதையில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது விவாகரத்துதான். மாமியார் ஏதோ சொத்துப் பத்திரம் என்று சொல்லிப் பெரிய மருமகளிடம் கையெழுத்து வாங்குகிறார். அது விவாகரத்துப் பத்திரமாம். மறுநாளே மூத்தவனுக்கு இரண்டாம் கல்யாணம் என்று பந்தக்கால் நடுகிறார்கள். ஒரு ஆள்கூட “இது செல்லாது” என்று சொல்லவில்லை. எங்கள் கடைக்கு வரும் ஒரு வக்கீல் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி, இருவரும் மனமொத்துப் பிரிவதாக இருந்தாலும் ஓராண்டாவது தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுப் போட்ட பிறகும் பொதுவாக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நீதிமன்றம் இருவரையும் விசாரித்து, சம்மதம் உண்மையானதுதானா என்று பார்த்த பிறகுதான் தீர்ப்பு. ஏமாற்றி வாங்கிய ஒரு கையெழுத்தால் யாருக்கும் விவாகரத்து ஆகிவிடாது. இதைக் கேட்டு எங்கள் கடைப் பெண் ஒருத்தி “நிஜமாவா அக்கா?” என்றாள். அவ்வளவு நாளாக அவள் ஆகிவிடும் என்றே நம்பியிருக்கிறாள். கற்பனைக் கதைதானே என்று நீங்கள் சொல்லலாம். மாமியார் கற்பனை, சரி. சட்டமுமா கற்பனை? பெரிய மருமகள் இதைத் தெரிந்துகொண்டு நீதிமன்றத்துக்குப் போவதாக வைத்தால் உங்களுக்கே இன்னும் பல மாதத்துக்குக் கதை கிடைக்கும்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. இப்போது நடிப்பவர்களை வைத்து டைட்டிலைப் புதிதாக எடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பாட்டை முழுதாகப் போட்டு, விளம்பரம் மறைக்காமல் பெயர்களைக் காட்டுங்கள். விவாகரத்து விஷயத்தைக் கதைக்குள்ளேயே யாராவது ஒரு பாத்திரத்தின் வாயால் திருத்துங்கள். மாமனாருக்கு மாரடைப்பு வருவதுபோல் இந்த வார முன்னோட்டத்தில் காட்டுகிறீர்கள். தயவுசெய்து அவர் மீது கைவைக்காதீர்கள்.

2021இல் திருத்திய கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, புகார் கிடைத்த 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் பதிலும் தர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ஒளிபரப்பாளர்களின் சுயஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்வேன். பதிலைத் தமிழிலேயே அனுப்புங்கள், கடையில் எல்லோரும் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர்
கும்பகோணம்